சோதனைச்சாவடியில் ரொசாரியோ சொன்ன பதில்

"இன்னொரு டாக்கோ சாப்பிடுடி. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் ரொசாரியோ.

"நீ ரோட்டப் பாரு."

எல்லையோரம் இருக்கிற எங்கள் மெக்காலனிலிருந்து சான் அன்டோனியோ போகிற வழியில், பால்ஃபுரியாஸ் ஊருக்கு முன்னால் அந்தச் சோதனைச்சாவடி. அமெரிக்க எல்லை எங்கேயோ பின்னால் கிடக்க, நாட்டுக்கு நடுவில் நிறுத்தி நீ யார் என்று கேட்பார்கள். ரொசாரியோ இங்கே பிறந்தவள், அவளுக்கு அது ஒரு வேகத்தடை. என்னைக் கைக்குழந்தையாக அம்மா எல்லை ஆற்றைத் தாண்டித் தூக்கி வந்தாள். அப்படி வந்தவர்களுக்குத் தருகிற வேலை அனுமதி அட்டைதான் என்னிடம் இருக்கிறது. முன்பெல்லாம் அதைக் காட்டினால் போதும். இந்த வருஷம் அதைக் காட்டியவர்களையும் பிடித்து வைக்கிறார்களாம்.

நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற சுகாதாரப் பணியாளர்கள். இந்தச் சாவடிக்குப் பயந்து, நோயாளிக் குழந்தைகளை வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத தாய்மாரைப் பற்றி நான் சான் அன்டோனியோவில் நடக்கிற டாக்டர்கள் மாநாட்டில் பேச வேண்டும். அதைக் கேட்டு அந்த டாக்டர்கள் மனசு வைத்தால் எங்கள் ஊருக்கே வந்து பார்ப்பார்கள். இங்கிருந்தே வீடியோவில் பேசுகிறேனே என்று கெஞ்சினேன். நேரில்தான் வர வேண்டும் என்றுவிட்டார்கள் மாநாட்டுக்காரர்கள். அவர்களுக்கென்ன, விமானத்தில் வந்து இறங்குவார்கள்!

என் அட்டை விவகாரத்தைப் பார்க்கிற வக்கீலம்மா, நான் கிளம்புமுன் தலையில் அடித்துக்கொண்டாள். "போகாதன்னா கேக்க மாட்ட. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. பயத்துல கூட இந்த நாட்டுக் குடிமகள்னு சொல்லிடாத. தலையக் கூட ஆட்டாத. பொய் சொன்னதா ஆயிட்டா ஆயுசுக்கும் கதவு அடைச்சிரும். உன் பையன் பெரியவனாகி, நீ இங்கயே இருக்கணும்னு மனு போட்டாலும் செல்லாது."

என் மகன் இக்கெருக்குப் பதின்மூன்று வயது. அவன் இங்கே பிறந்தவன். அந்த ஒரு நம்பிக்கையில்தான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

வண்டிகள் ஊர்ந்தன. ரொசாரியோ பாட்டைக் குறைத்தாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், ஜன்னல்களை இறக்கினாள். எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். மோப்ப நாய் ஒன்று டயரை முகர்ந்துவிட்டுப் போனது. பச்சைச் சட்டை அதிகாரி குனிந்தார். பையன் மாதிரி இருந்தார், எங்கள் ஊர் முகம்தான்.

"நீங்க அமெரிக்கக் குடிமக்களா?"

"ஆமா சார், ரெண்டு பேரும்!" என்றாள் ரொசாரியோ.

பாவி! பேசத் தெரிந்த நாளிலிருந்து, அப்பா வண்டியின் பின்சீட்டில் அண்ணன் தம்பிகளோடு கோரஸாகச் சொல்லிப் பழகிய பதில். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அடுத்த கணமே அவள் கை ஸ்டீரிங்கில் இறுகியது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்களும்தானே மேடம்?"

அவர் கை ஏற்கெனவே 'போங்க' என்று பாதி தூக்கியிருந்தது. ஒரு தலையாட்டல் போதும். மத்தியானம் சான் அன்டோனியோவில் இருப்பேன். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். இக்கெர் காலையில் ஷூ லேஸ் கட்டாமல் ஓடிவந்து கையசைத்தது ஏனோ கண்ணில் நின்றது.

"இல்ல சார். அவ பழக்கத்துல சொல்லிட்டா. நான் குடிமகள் இல்ல. இதோ என் அட்டை."

தூக்கிய கை இறங்கியது.

"வண்டிய ஓரங்கட்டுங்க. நீங்க மட்டும் உள்ள வாங்க."

ரொசாரியோ என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "என் நாக்குல தீய வைக்க! நானே உன்ன மாட்டி விட்டுட்டேனேடி ஒடிலியா!"

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பையிலிருந்து என் மாநாட்டுப் பேச்சு இருந்த பென் டிரைவை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"அழுதது போதும். வக்கீலம்மாவுக்கு போன் போடு. இக்கெர ஸ்கூல்லேர்ந்து உங்கம்மாவ கூட்டிட்டு வரச் சொல்லு. அப்புறம் நேரா மாநாட்டுக்குப் போ."

"நீ இல்லாம நான் அங்க போய் என்னத்தச் சொல்ல?"

"எனக்காக ஒரு தடவ முந்திக்கிட்டுப் பதில் சொன்னல்ல? இப்பவும் எனக்காகப் பேசு. நான் ஏன் வரலன்னு மொதல்ல சொல்லிட்டு ஆரம்பி."

அதிகாரி கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். நான் இறங்கினேன்.