இரண்டாவது ஊசிமுனை

ராபின் வந்தபோதெல்லாம் அறைக்கதவு சாத்தப்பட்டது. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. சாகக் கிடக்கும் மனிதரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேச அவனுக்கு என்ன இருக்கிறது?

என் கணவர் அந்தோணிராஜ், நெருப்பெரிச்சலில் குழந்தைகளுக்கான பனியன் உடைகள் தைக்கும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஊசிப் பொறுப்பாளராக இருந்தவர். தையல் இயந்திரத்தில் ஊசி முறிந்தால், அதன் துண்டுகளை எல்லாம் தேடியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஊசி முழுமையாகிவிட்டது என்று கண்ட பிறகே புதிய ஊசி கொடுப்பார். ஒரு முனை துணிக்குள் தங்கிவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் அது குத்தும். பணிக்காலம் முழுவதும் அவர் செய்தது இந்தத் தேடல்தான். அவருடைய இடத்தில் இப்போது இருப்பவன் ராபின்.

புற்றுநோய்க்கு இனி மருந்தில்லை என்று சொல்லி, மண்ணரையிலுள்ள எங்கள் வீட்டுக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். வலியினும் பெரிய துன்பம் ஒன்று அவருக்கு இருந்தது.

“கோயில் கட்டினவன் இருக்கான். பிள்ளையச் சாமியாராக்கிக் குடுத்தவன் இருக்கான். நான் தரையில கெடந்து ஊசி பொறுக்குனேன். இத எந்தக் கையில ஏந்திக்கிட்டு ஆண்டவர் முன்னாடி நிப்பேன்?” என்றார்.

பங்குத்தந்தை வந்து நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். உழைப்பும் செபமே என்று அழகாகச் சொன்னார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழகாகச் சொல்லப்படுவதை நானும் எளிதில் நம்புவதில்லை.

ஆனால் ராபின் வந்துபோகும் நாள்களில் மட்டும் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். தலையணைக்கு அடியில் எதையோ மறைத்தார். மந்திரித்த எண்ணெய் விற்கும் கூட்டத்தாரோடு ராபினுக்குத் தொடர்போ என்று ஐயுற்று, உறை மாற்றும் சாக்கில் தூக்கிப் பார்த்தேன். பழைய காந்தம் ஒன்று இருந்தது. ஐயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கால் கழுவாமல் என் வீட்டுக்குள் எவரும் வர முடியாது. அடுத்த முறை ராபின் குழாயடியில் நின்றபோது அவன் பையைத் திறந்தேன். பிறர் பையைத் திறப்பது முறையன்று; பிறர் வீட்டுக் கதவைச் சாத்துவதும் முறையன்று. உள்ளே புத்தம்புதிய குழந்தைச் சட்டைகள் இருந்தன. நோயாளி வீட்டை எவரும் சோதிக்கமாட்டார்கள் என்று திருட்டுச் சரக்கை இங்கே ஒதுக்குகிறானோ?

“ஏல ராபின், இது யாரு சொத்து?”

“கம்பெனி சொத்து, அத்தை.”

“கம்பெனி சொத்துக்கு என் வீட்டுல என்ன வேல?”

அவன் அறைப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “‘எனக்கு இனி சாகுற வேல ஒண்ணுதாம்டே’ன்னு மாமா சொன்னாவ. மனசு கேக்கல. அதான் தையல் லைன்லருந்து சட்டை எடுத்துட்டு வந்து, ஒண்ணுல ஒடஞ்ச முனைய நானே சொருகிருவேன். ‘முனை சிக்கல மாமா, லைன் நிக்கி’ம்பேன். அவிய தேடி எடுத்துத் தருவாவ. சட்டையத் திரும்பக் கொண்டுபோயி வச்சிருவேன்.”

“சாகுற மனுசங்கிட்டயா பொய் சொல்லுத?”

“திட்டுங்க. கஞ்சி குடிக்காவல்லா?”

“இன்னைக்கு நானும் உள்ள இருப்பேன். உண்மைய நீ சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்.”

என்னைக் கண்டதும் கணவர் சிரித்தார். “ஆபீசரம்மா வந்தாச்சு. கால நல்லாக் கழுவுனியாடே?”

போர்வைமேல் வெள்ளைத்துணி விரித்து, சட்டையின் தையலை இரு விரலுக்கிடையே உருட்டத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன. ஏதோ கணக்குப் போடுகிறார் என்றே முதலில் நினைத்தேன். குனிந்து கேட்டேன்.

“ஆண்டவரே, இதப் போடப்போற பிள்ளைக்குக் குத்தாம இருக்கணும்.” அடுத்த தையலுக்கும் அதுவே.

“கம்பெனியிலயும் இதைத்தான் சொல்லுவியளா?”

“வேற என்னத்தச் சொல்ல? பிள்ளை பேரு தெரியாதே.”

கழுத்துத் தையலில் முனை அகப்பட்டது. காந்தத்தில் ஒட்டினார். நான் ராபினைப் பார்த்தேன்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்…”

“பொறு.” அடுத்த சட்டையில் அவர் விரல் நின்றது. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து இன்னொரு முனையை எடுத்தார்.

ராபின் வெளுத்துப்போனான். “நான் ஒண்ணுதான் வச்சேன்.”

“ரெண்டு வச்சுட்டு ஒண்ணுங்கியா?” என்றேன்.

“மாதா சத்தியமா ஒண்ணுதான் அத்தை.”

கணவர் இரண்டையும் வெளிச்சத்தில் காட்டினார். “இது துரு ஏறுனது, ஒடஞ்ச ஊசி போட்டு வைக்கிற டப்பாவுலருந்து இவன் எடுத்தது. எப்பவும் இதத்தான் கொண்டாருவான். இது புதுசு. ஊசி ஒடஞ்சத எவளோ பயந்து சொல்லாம விட்டிருக்கா.”

“இவன் வைக்கது தெரிஞ்சேவா தேடுனிய?”

“வச்சவன் யாரா இருந்தா என்ன? துணி ஒரு பிள்ளை மேலல்லா போவுது.” ராபினிடம் திரும்பினார். “ஊசி கண்டுபிடிக்கிற டிடெக்டர் மெசின்ல மாட்டியிருக்குமே?”

“அது ரெண்டு நாளா கோளாறு, மாமா. சாயங்காலம் லோடு ஏத்துதாவ.”

முதலாளி திருமூர்த்திக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

“ஏனுங்க அந்தோணிண்ணா, உடம்பு எப்பிடி இருக்குதுங்க?”

“உடம்பு கெடக்கட்டும். லோடு ஏத்தாதீங்க, முதலாளி. துணிக்குள்ள ஊசிமுனை இருக்கு.”

“கப்பலுக்கு நேரமாச்சுங்களே. ஒரு பீசுதானுங்க?”

“ஒரு பிள்ளைதாங்க.”

“சரிங்க, பெட்டியப் பிரிக்கச் சொல்றனுங்க” என்றார்.

அந்தச் ‘சரிங்க’வை நான் நம்பவில்லை. ராபினை உடனே அனுப்பினேன். பெட்டிகள் பிரிபடுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னேன். விளக்கு வைக்கும் வேளையில் அவன் அழைத்தான். பக்கத்து நிறுவனத்திலிருந்து டிடெக்டர் வந்துவிட்டதாம்; முதலாளியே அருகில் நிற்கிறாராம்.

கணவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

“வெறுங்கையாவே நிப்பேன்” என்றார். “கையப் பாத்தா ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கும் கையில ஆணித் தழும்பு இருக்குல்லா.”

பாராமல் எதையும் நான் ஏற்பதில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, அவர் கையை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். விரல்நுனிகளில் பழைய ஊசித் தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“போதுமா, ஆபீசரம்மா?”

“அந்தக் கையையும் காட்டுங்க” என்றேன்.