என் விலாசத்துக்கே வந்த என் கடிதம்

1.

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நானே கடிதம் போட்டுவிட்டு, பதில் வருமென்று மூன்று நாள் காத்திருந்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'என் மனைவி இறந்த மறுநாள், கொடியில் அவளுடைய...' (இது உங்களை அழவைக்க எழுதியது. அடித்துவிட்டேன்.)

2.

மச்சானுக்கும் எங்களுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டார். அவர் தங்கை போய்விட்டாள் என்று நான்தான் சொல்ல வேண்டும். மனைவியின் நோட்டில் விலாசம் இருந்தது. கம்ப்யூட்டரில் கடிதம் எழுதினேன். மேலே அனுப்புநர், கீழே பெறுநர். பள்ளியில் படித்த வரிசை. பிறகு உறையில் விலாசம் அச்சிடும் பட்டனை அமுக்கினேன்.

விலாசத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். சின்னச் சின்ன வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக முதலில் எங்கே தென்படுகிறதோ, அதுதான் பெறுநர் என்று முடிவுகட்டிவிடும். முதலில் இருந்தவன் நான்.

(முப்பத்தோரு வருடம் தபால் பிரிவில் இருந்தவன் உறையைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். எழுத்து கோணாமல் விழுந்திருக்கிறதா என்று.)

3.

மகள் இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். அவள் இல்லாவிட்டால் என்னைக் கிண்டல் செய்ய ஆளில்லை.

"அப்பா, உங்களுக்கு லெட்டர். நம்ம பிரிண்டர் போடுற அதே கறுப்புக் கோடு இதுலயும் இருக்கு."

"அதுவா கண்டுபிடிக்கும்னு போட்டிருந்துச்சே?"

"கண்டுபிடிச்சுதான் இருக்கு, உங்கள. பெறுநர் அட்ரஸ் மட்டும் செலக்ட் பண்ணிட்டு அப்புறம் பட்டனை அமுக்கணும்பா."

செலக்ட் பண்ணினேன். இப்போது மச்சான் விலாசம் சரியாக வந்தது. அச்சிடுவதற்குள், மகளின் போன் அடித்தது.

4.

மச்சான்தான். யாரோ சொல்லி, யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார்.

"மூணாம் மனுஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

முன்பெல்லாம் 'நீ' என்பவர், 'நீங்க' என்றார். அது திட்டுவதைவிட மோசம்.

"மறுநாளே லெட்டர் போட்டேன் மச்சான்."

"எந்த அட்ரஸுக்கு?"

(இங்கே நான் கம்பீரமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்று வரைவுகளில் சொல்லியும் பார்த்தேன்.)

"எங்க வீட்டுக்கு."



"பொய் சொல்றவன் இதைவிட நல்லாச் சொல்லுவான்" என்றார். "பிரிச்சீங்களா?"

"இல்ல."

"பிரிங்க. படிங்க."

5.

கடிதத்தின் முடிவில் அவரை வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்ததாக ஒரு முடிவு எழுதினேன். இனிப்பு தூக்கலாக இருந்தது. வராததாக ஒன்று, அவரைப் பழிவாங்குவது போலிருந்தது. இரண்டையும் அழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். உறையைக் கிழித்தேன். "மச்சான், கடைசி வாரத்துல அவ ரெண்டு தடவை உங்களை..." என்று படித்தேன். அதே வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மகள் கடிதத்துக்குக் கை நீட்டினாள், நான் விடவில்லை.

"மெதுவாப் படி, மாப்ள" என்றார் மச்சான்.

ஒவ்வொரு வரைவிலும் இந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறேன். அவர் வந்தாரா என்று தெரிந்தாக வேண்டும் என்றால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவரை அவசரமாக வரவழைத்துவிடாதீர்கள். நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.