கை நீளம்

பாட்டி என் நகங்களை ஒவ்வொன்றாகத் தன் பல்லாலேயே கடித்துத் துப்பினாள். கத்தரிக்கோலைத் தேட நேரமில்லை. கொட்டகையில் ஆடு காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது, குட்டி வரவில்லை. மழையில் பாலம் மூழ்கிவிட்டதால் மாட்டு டாக்டர் அக்கரையிலேயே நின்றுவிட்டார். தாத்தா முயன்று பார்த்துவிட்டார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அவர் கையே மண்வெட்டி மாதிரி ஆகியிருந்தது. பாட்டிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்காது. மிச்சம் இருந்தது என் கைதான். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்குப் பிரசவ நேரம் என்று என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

அந்தக் கைக்கு அந்த வீட்டில் நல்ல பெயர் கிடையாது. சர்க்கரை ஜாடிக்குக் குறுகிய வாய். பெரியவர்கள் கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்கவேண்டும். என் கை மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய் வந்துவிடும். "உங்க பேத்திக்குக் கை நீளம்" என்று பாட்டி புகார் வாசிப்பாள். "நீளமில்ல, ஒல்லி. அதான் போகுது" என்று தாத்தா எனக்காக வாதாடுவார். நான் வந்த நாளிலிருந்து இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆட்டுக்கும் பாட்டிக்கும் ஆகாது. தாத்தா தன்னிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுகிறார் என்று அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அந்த மகாராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என் கண்ணுல்ல, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கெஞ்சினாள். பாட்டி யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆடு பிழைக்காமல் போகலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தாத்தா என் கைக்குச் சோப்பு போட்டு, எண்ணெய் தடவினார்.

"பயப்படாத. விரலைக் குவிச்சு வச்சுக்கோ. அது முக்கும்போது நிறுத்திக்கோ. விட்டதும் மெதுவா போ."

போனேன். சூடு. ஒரு உயிருக்குள் அவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆடு முக்கியபோது எலும்பு நொறுங்கிவிடும்போல் கை நெரிந்தது. அழுதேன், ஆனால் கையை எடுக்கவில்லை.

"என்ன தட்டுப்படுது?"

"கால். இன்னொரு கால். தாத்தா... இன்னொண்ணும் இருக்கு."

தாத்தாவும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு குட்டி. முந்திக்கப் பாத்து வழியில மாட்டிக்கிச்சுங்க" என்றார் தாத்தா. "ஒரு காலைப் பிடிச்சுக்கிட்டே மேல போ. எது யாரோடதுன்னு தடவிப் பாரு."

கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கால், தோள், கழுத்து, பிறகு ஈரமான சின்னத் தலை. அது அசையவே இல்லை. செத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் ஆள்காட்டி விரல் எதற்குள்ளோ வழுக்கிப் போனது. கெட்டியான ஈறு. ஒரு நாக்கு. அந்த நாக்கு என் விரலைச் சுற்றி வளைத்து, இழுத்தது.

"தாத்தா, சப்புது."

"என்னது?"

"என் விரலைச் சப்புது. பால்னு நெனச்சுக்கிச்சு."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் பிறக்கவே பிறக்காத ஒன்று, வெளிச்சம் என்றால் என்னவென்றே அறியாத ஒன்று, என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. அதற்கப்புறம் மலை பார்த்திருக்கிறேன், கடல் பார்த்திருக்கிறேன். அந்தச் சிலிர்ப்பு வரவில்லை.

தாத்தா சொன்னபடி, மற்றதன் காலை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, இதன் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டேன். ஆடு முக்கியபோது நானும் சேர்ந்து முக்கி இழுத்தேன். குட்டி வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்து தும்மியது. இரண்டாவது, வழி கிடைத்ததும் தானாகவே வந்துவிட்டது. மகாராணி தலையைத் திருப்பி நக்க ஆரம்பித்ததும் தாத்தா வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாட்டி என் கையைத் திரும்பத் திரும்பச் சோப்பு போட்டுக் கழுவினாள்.

"பாட்டி, அம்மா வயித்துக்குள்ளயும் இப்படித்தான் இருட்டா, சூடா இருக்குமா?"

"பின்ன? நீயும் அங்கேருந்து வந்தவதானே."

எனக்கு அது ஞாபகமே இல்லை என்பது பெரிய நஷ்டமாகத் தோன்றியது.

வீட்டுக்குள் வந்ததும் பாட்டி மேல்தட்டிலிருந்து ஜாடியை இறக்கி, மூடியைத் திறந்து, என் முன்னால் வைத்தாள்.

"உன் கைக்குத்தான்டி சர்க்கரை போடணும். எடுத்துக்கோ, எவ்வளவு வேணுமோ."

கையை விட்டேன். உள்ளே இருட்டாக இருந்தது. சர்க்கரை குளிர்ச்சியாக விரலில் பட்டது. நான் அள்ளவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, அசையாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி, எடுக்கலையா?"

"இரு பாட்டி" என்றேன்.