பூட்டிய ஹேண்டில்

கார் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக், பின்னால் இழுத்துவந்த டிரெய்லரைப் பக்கக் கண்ணாடியில் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அதன்மேல் முன் ஷாக் அப்சார்பர் அமுங்கும்வரை பெல்ட்டை இறுக்கி அவர் கட்டிய மோட்டார் சைக்கிள், இடப்பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. சடாரென்று பிரேக் போட்டால் வண்டி சரிந்து லாரிச் சக்கரத்தில்தான்.

மெல்ல ஓரங்கட்டினார். ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். இருநூறு கிலோவும் எலும்பில் இறங்கியது. முன் பெல்ட்டுகள் தொளதொளவென்று தொங்கின. ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிப் பூட்டியிருந்தது.

“பெல்ட்டை யாருடா தொட்டது?”

வண்டிக்குச் சொந்தக்காரனான அவர் மச்சான் காரிலிருந்து இறங்கி வந்தான். “நான்தான் மாமா. பங்க்ல நீங்க பாத்ரூம் போனப்போ எவனாவது வண்டியைத் தூக்கிட்டா? பெல்ட்டைத் தளர்த்தின அப்புறம்தான் ஹேண்டிலைத் திருப்பிப் பூட்ட முடிஞ்சுது.”

“சாவியைப் போட்டுத் திறடா, தோள் போகுது!”

அவன் சாவியைப் போட்டுத் திறந்தான். ஹேண்டிலை நேராக்கி, பெல்ட்டுகளை மறுபடி இறுக்கிய பிறகுதான் மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது.

“திருடன்கூட இதைவிடப் பத்திரமா கட்டி எடுத்துட்டுப் போயிருப்பான், மச்சான்.”