இரும்பு என்றால் பத்து மதிப்பெண்

கோபாலபுரத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று நடத்திய ‘அம்மாவும் மகளும்’ வினாடி வினாவில் மேடையேறத் தாயம்மாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. காலையில் பட்டினப்பாக்கத்தில் மீன் கடையை முடித்துவிட்டு, கையை எலுமிச்சம்பழத் தோலால் நாலு தரம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். பதில் சொல்லப்போவது நந்தனத்தில் பி.ஏ. முடித்த மகள் அன்புச்செல்விதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினால் போதும்.

ஆனால் மூன்றாவது வரிசையில் ஜெயலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். டில்லிபாபுவுக்கு அன்புச்செல்வியைக் கேட்டுப் போன வாரம் பெண் பார்த்துவிட்டுப் போனார்களே, அந்த டில்லிபாபுவின் அம்மா. “பொண்ணு மேடையில பேசறத நானும் கண்ணால பாக்கறேன்” என்று தானாகவே கிளம்பி வந்துவிட்டாள். அவள் வந்திருப்பது தெரிந்ததிலிருந்து தாயம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

காரணம் இருந்தது. அன்புச்செல்விக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு. இப்போது மாத்திரையில் அடங்கி, ஒன்றரை வருஷமாக வரவில்லை. வீட்டுக்கு வெளியே ஓர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. “தாலி ஏறுற வரிக்கும் இத்தப் பத்தி மூச்சு வுட்ட, அவ்ளோதான்” என்று தாயம்மா மகளை மிரட்டி வைத்திருந்தாள். மகளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் பஸ் படியில் விழுந்த கதை. அந்தப் பெண்ணும் பேசும்போது விரலால் வாயை மறைத்து மறைத்து, அதுவே பழக்கமாகிவிட்டது.

வினாடி வினா நடத்தியவர் ஸ்ரீரங்கன். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கட்டுக் கார்டு. கார்டில் இருப்பதுதான் விடை, மறுபேச்சு கிடையாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

வரலாறு வந்தது. மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய ஆண்டு? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது என்றாள் அன்புச்செல்வி. இலக்கியத்தில், கடலும் கடல் சார்ந்த இடமும் எந்தத் திணை? நெய்தல். மீன்காரி மகளிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று தாயம்மாவுக்கே சிரிப்பு வந்தது. தொலைக்காட்சிச் சுற்றில் மயிலாப்பூர் காமாக்ஷியும் அவள் மகள் ஹம்சினியும் முந்திக்கொண்டு பதில் சொல்லிச் சமமாக வந்துவிட்டார்கள். ஜெயலக்ஷ்மி கைதட்டிக்கொண்டே இருந்தாள். தாயம்மா மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டாள்.

நான்காவது சுற்று உடல்நலம். ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“வலிப்பு வந்து துடிப்பவர் கையில் உடனே எதைக் கொடுக்க வேண்டும்?”

தாயம்மா மகளின் கையைப் பிடிப்பதற்குள் அன்புச்செல்வி பொத்தானை அழுத்திவிட்டாள்.

“எதையும் கொடுக்கக் கூடாது சார்.”

“தவறு. அடுத்த அணி?”

“சொல்லுடி, நம்மாத்துல எல்லாரும் சொல்லிண்டே இருப்பாளே” என்று காமாக்ஷி கிசுகிசுத்தாள். ஹம்சினி இழுத்தாள். “இரும்பு. சாவிக்கொத்து மாதிரி.”

“இரும்பு! மிகச் சரி. பத்து மதிப்பெண்!”

அரங்கமே கைதட்டியது. படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், பேரப்பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் தட்டினார்கள். அந்தக் கார்டை எழுதிய புண்ணியவான் யாரோ!

“சார், அது தப்பு” என்றாள் அன்புச்செல்வி. “இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்ல.”

ஸ்ரீரங்கன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாயம்மாவைச் சுட்டது. “ஏம்மா, ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். உனக்கு மட்டும் வேற மாதிரி எப்படித் தெரியும்?”

அன்புச்செல்வி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். விரல் தானாக வாய்க்குப் போனது. தலை குனிந்துகொண்டாள்.

சரியான பதிலைச் சொன்ன பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தப்பான பதிலுக்குக் கைதட்டல். தாயம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் மேல் கோபம், கார்டு மேல் கோபம். எல்லாவற்றையும்விட அந்த வாயைப் பொத்தி வைத்தவள் மேல், அதாவது தன் மேலேயே, அடங்காத கோபம்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி ஸ்ரீரங்கனின் மேஜை மேல் போட்டாள். கார்டுகள் சிதறின.

“இந்தா சார், நீ சொன்ன பதிலு. ஆறு வருசம் இத்தத்தான் எம் பொண்ணு கையில திணிச்சினு இருந்தேன். அவளுக்குத்தான் வலிப்பு. கையெல்லாம் கிழிஞ்சுது, வலிப்பு நிக்கல. அது தானா வந்துது, தானா நின்னுது. நான் சாவி நிறுத்துச்சுன்னு நெனச்சேன்.”

“அம்மா, மைக்கைக் கொஞ்சம்...” என்று ஸ்ரீரங்கன் கை நீட்டினார்.

“இரு சார். இவ பல்லு பஸ்ல வுழுந்து ஒடையல. நாக்கக் கடிச்சுக்கப் போறான்னு நான்தான் கரண்டிய வாயில வுட்டு நெம்பினேன். ஒடைச்சவ நானு. நாலு பேரு சொன்னாங்கன்னு செஞ்சேன். இன்னிக்கு நீ முந்நூறு பேருக்கு மார்க் போட்டு சொல்லித் தர்ற. எத்தினி பல்லு ஒடையணும்?”

காமாக்ஷிதான் மெல்லக் கேட்டாள். “அப்போ என்னதான் பண்ணணும்மா?”

அன்புச்செல்வி எழுந்தாள். “பக்கத்துல இடிக்கற சாமானை நகர்த்திடுங்க. தலைக்குக் கீழ துணி வைங்க. துள்ளல் நின்னதும் ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க. அமுக்கிப் பிடிக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி.” விரல் வாய்ப்பக்கமே போகவில்லை. உடைந்த பல் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் ஜெயலக்ஷ்மி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேர் காலை மிதித்து, மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே போனாள். தாயம்மா அவள் போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்தது. வலிக்காமல் என்ன?

ஸ்ரீரங்கன் கார்டுகளைப் பொறுக்கி அடுக்கினார். “உங்க வருத்தம் புரியுது. ஆனா போட்டி விதின்னு ஒண்ணு இருக்கு. கார்டுல இருக்கற விடைக்குத்தான் மதிப்பெண். அடுத்தது புவியியல்.” சாவிக்கொத்தை இரண்டு விரலால் தூக்கி நீட்டினார். “இதை எடுத்துக்கோங்கம்மா.”

“குடு சார்” என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் தாயம்மா. “போயி ஊட்டத் தொறக்கணும். சாவி அதுக்குத்தான்.”