பேய்க்கதையில் படித்த பாஷை

இந்த ஊர் பாஷையில் சவப்பெட்டிக்கு எனக்கு இரண்டு சொற்கள் தெரியும். அலறலுக்கு நான்கு. ரத்தம் சொட்டுவதற்கு ஒன்று, கசிவதற்கு ஒன்று, பீய்ச்சி அடிப்பதற்கு ஒன்று. ஆனால் குழாய் ஒழுகுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று ஒரு போன் போட்டுச் சொல்லத் தெரியாது. இப்படி ஒரு கூறுகெட்ட படிப்பை யாராவது படிப்பார்களா என்று கேட்டால், நான் படித்தேன். பொழுது போகாமல் படிக்கவில்லை, கழுத்தில் கத்தி இருந்ததால் படித்தேன்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வேறொரு குடித்தனம் தேடிக்கொண்டு போய்விட்டார். அதுவரை என் காகிதங்கள் எல்லாம் அவர் பேரில் ஓடிக்கொண்டிருந்தன. இனி நான் இந்த ஊரில் இருக்க வேண்டுமென்றால் பாஷைப் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று தடவை எழுதலாம். இரண்டு தடவை கோட்டை விட்டாகிவிட்டது. என் மகள் இங்கேயே பிறந்தவள், பதினாறு வயது. அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. நான் தேறாவிட்டால் நான் மட்டும் மூட்டை கட்ட வேண்டும், அவள் என் அக்கா வீட்டில் இருப்பாள். அக்காவும் இதே ஊர்தான். பரீட்சையெல்லாம் எப்போதோ எழுதி முடித்துவிட்டாள்.

பதினேழு வருஷமாக இருந்துகொண்டு பாஷை தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். நான் வேலை செய்வது ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில். ஒரு பெரிய சூடான உருளை. அதன் இந்த முனையில் நான், அந்த முனையில் இன்னொருத்தி. விரிப்பை இரண்டு பேரும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். மெஷின் போடும் சத்தத்தில் நெருப்புப் பிடித்தாலும் கத்திச் சொல்ல முடியாது. எதிர்முனைக்காரியும் நானும் இத்தனை வருஷம் புருவத்தாலேயே பேசிக்கொண்டோம். அவளுக்கு மூன்று குழந்தைகள், மூட்டு வலி, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் புருவத்தில் தெரிந்துகொண்டதுதான். புருவத்துக்குப் பரீட்சை வைத்திருந்தால் நான் முதல் மாணவி.

சனிக்கிழமை இலவச வகுப்பு நடத்தும் வாத்தியாரம்மா ஒருநாள் சொன்னார், "எந்தப் புத்தகத்தை உங்களால கீழ வைக்க முடியலையோ, அதைப் படிங்க." அவர் கொடுத்த பாடப்புத்தகத்தில் ஒருவன் நாற்பது பக்கமாக ரயில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் ரயிலைப் பிடித்தால் எனக்கென்ன, விட்டால் எனக்கென்ன.

என் மகளின் அலமாரியில் பதினான்கு புத்தகங்கள் வரிசையாக இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பேய்க்கதைகள். அட்டை முழுக்க வெளிறிய கைகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிணறு, பாகத்துக்கு ஒரு பிள்ளை காணாமல் போகும். இதைப் படித்துத்தான் புத்தி கெடுகிறது என்று அவற்றை ஒருமுறை பரண் மேல் தூக்கிப் போட்டதும் நான்தான். இப்போது முதல் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அகராதியை மடியில் போட்டு, ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகளைத்தான் சொல்கிறேன். பாப்பா என்று கூப்பிட்டால் முறைப்பாள், நானும் விடுவதில்லை. "அம்மா, நீயா? பேய்க்கதையா?" என்று கட்டிக்கொண்டாள். சலவைக் கூடத்தில் கிழிந்துபோய்க் கழித்துக்கட்டிய விரிப்புகளை நீளமாகக் கிழித்துக்கொண்டு வருவேன். துணிக்கு அடையாளம் போடும் மையால் நாளைக்குப் பத்துச் சொல் எழுதி, குளியலறைக் கொடியில் தொங்கவிடுவேன். அது எந்தச் சோப்புக்கும் போகாத மை. பாப்பா ஒவ்வொரு சொல்லையும் நடித்துக் காட்டுவாள். முனகல் என்றால் முனகுவாள். மூச்சடைப்பு என்றால் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவாள். ஒன்றரை மாதம் அப்படிப் போனது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

அக்கா ஒருநாள் வந்து குளியலறைக்குள் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். "என்னடி இது, வீடா சுடுகாடா? அழுகின பிணம்னு எழுதி அதுமேல துண்டைக் காயப் போட்டிருக்க!"

"பரீட்சைக்குப் படிக்கிறேன்க்கா."

"எந்தப் பரீட்சைக்கு? வெட்டியான் வேலைக்கா?" என்றாள். பாப்பாவும் நானும் சிரித்து ஓய அரைமணி ஆனது.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கமாகப் பாப்பாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வாள். அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவளுக்குச் சளி, தூக்கத்தில் இருமுகிறாள் என்று வகுப்பு ஆசிரியரிடம் நானே சொல்லப் போனேன். இருமலுக்குச் சொல் தெரியாது. அதனால், என் மகள் இருட்டில் படுத்து முனகுகிறாள், அவள் தொண்டைக்குள் ஏதோ உயிரோடு ஊர்கிறது என்று சொல்லிவைத்தேன். பின்னால் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த நாளே அவளுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அது என்னவென்று கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து அவள் நடிப்பதை நிறுத்திவிட்டாள். பதினான்கு புத்தகங்களையும் சமையலறை மேஜையில் கொண்டுவந்து வைத்து, "நீயே வச்சுக்கோ" என்றாள். பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வெளியே நின்று கூப்பிட்டால் பதில் வராது. எனக்கும் கோபம் வந்தது. யாருக்காக இந்தப் பாடு படுகிறேன் என்று கத்தினேன். பெற்ற மகளிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. எழுத்துத் தாளில் ஒரு கேள்வி: வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுக. பதினான்கு பாகத்தில் எத்தனையோ தடவை ஹீட்டர் நின்றிருக்கிறது. ஒரு பிள்ளையாவது வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கவேண்டுமே! மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு நிலவறைக்குத்தான் இறங்குவார்கள். நானும், நிலவறைக்கு இறங்கிப் பார்க்கிறேன், நான் திரும்பாவிட்டால் தேட வேண்டாம் என்று எழுதி முடித்தேன்.

ஆனால் வாய்மொழித் தேர்வில் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எதிரே ஓர் அம்மா, ஓர் ஐயா. உங்கள் வீட்டில் ஒரு சாதாரண சாயங்காலம் எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்றார்கள். மடை திறந்த மாதிரி வந்தது. இருட்டத் தொடங்கும்போது வீட்டுக்குள் நுழைகிறேன், என் எலும்புகள் நோகின்றன, கத்தியை எடுக்கிறேன், மூடிய கதவுக்குப் பின்னால் என் மகள் யாரிடமோ கிசுகிசுக்கிறாள், தட்டுகிறேன், மௌனம், கத்தியோடு அங்கேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் திறப்பதேயில்லை. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அந்த அம்மாவின் பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. அசந்துபோய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் எதிர்முனைக்காரியைப் பார்த்து இரண்டு புருவத்தையும் உச்சந்தலைவரை ஏற்றினேன்.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. பாப்பாதான் பிரித்துப் படித்தாள். சொல்வளத்துக்கு இருபதுக்குப் பதினெட்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கு இருபதுக்கு மூன்று. தேறவில்லை. தொண்ணூறு நாளில் நான் கிளம்ப வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. மகளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை தாயின் பராமரிப்பு அவசியம் என்று தெரிந்தால் அதுவரை தாய் தங்கலாம். வாய்மொழித் தேர்வில் சொன்ன சில விஷயங்களையும் விசாரிக்க வேண்டியிருப்பதால், குழந்தைகள் நலத் துறையிலிருந்து வந்து மகளிடம் பேசுவார்கள்.

"பரீட்சையில என்னம்மா சொன்ன?"

சொன்னேன்.

"கத்தியோட நின்னேன்னா சொன்ன?"

"வெங்காயம் நறுக்கத்தான்டி. வெங்காயத்துக்கு வார்த்தை தெரியல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்னத் தெம்பு இருந்தது. இனி பரீட்சை இல்லை, அவள் வாயில்தான் இருக்கிறது. என் பிள்ளை எனக்காக இரண்டு வார்த்தை சொல்ல மாட்டாளா?

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் கையில் ஃபைல். பாப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சமையலறைக்குப் போனார்கள். அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது, அது தெரிந்துதான் நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மடித்த துணிகளையே உதறித் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பார்த்து நடுங்கியிருக்கிறாயா என்று கேட்டார்கள். மிரட்டியிருக்கிறாரா, அறையில் அடைத்திருக்கிறாரா, காயம் பட்டதுண்டா, அலறியதுண்டா. அகராதி வேண்டியிருக்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊர்க்காரர்கள் பேசுவது ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

பாப்பா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். என் பேய்க்கதைகளில் படித்த பாஷை அது, அம்மாவுக்கு வேறு சொற்கள் தெரியாது, அம்மா ஒரு பூச்சியைக்கூட அடிக்க மாட்டாள் என்றாள். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கைத்துணியால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் தங்கம் என்று ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

பிறகு அந்த உயரமான பெண் கேட்டார். அம்மா இங்கே இருப்பது உனக்கு அவசியமா?

பாப்பா நிறையப் பேசினாள். இங்கே எனக்குப் பாதிதான் பிடிபட்டது. டாக்டர் என்றாள், பள்ளி என்றாள், எப்போதும் நான்தான் என்று இரண்டு தடவை சொன்னாள், பத்து வயதிலிருந்து என்றாள். பெரியம்மா வீட்டில் தனி அறை இருக்கிறது என்றாள். அம்மா போனால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

எல்லாப் பாகத்திலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு சொல் வரும். பேய் போய்விட்டிருக்கும். பிழைத்த பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வெயிலுக்கு வந்து நிற்பார்கள். அப்போது மூச்சை விட்டு அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நிம்மதி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் நிம்மதி அவ்வளவு ஆழம் போகாது. கழுத்தை அழுத்திக்கொண்டிருந்த கை எடுபட்டதும் வருவது அது. பாப்பா அந்தச் சொல்லைச் சொன்னாள். வருத்தமாகவும் இருக்கும் என்று பின்னால் சேர்த்தாள், அதுவும் கேட்டது.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்து இத்தனை நாள் பேசியது நான்தானே. ஆனால் நெஞ்சு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

வெளியே வந்தார்கள். பாப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா விசாரிச்சாங்க. உன்னப் பத்தி நல்லபடியாத்தான் சொன்னேன்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

உயரமான பெண் என் பக்கம் திரும்பி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். எனக்கா சொல் இல்லை? என்னை விட்டுவிடாதே, என்னைத் தனியாக அனுப்பாதே, கருணை காட்டு, காலில் விழுகிறேன். கெஞ்சுவதற்கு மட்டும் பதினான்கு பாகத்தில் முப்பத்தேழு வாக்கியம், அத்தனையும் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது.

"இல்லை. நன்றி. பத்திரமாகப் போய் வாருங்கள்" என்று அவர்கள் பாஷையில் சொன்னேன்.

அந்தப் பெண் சிரித்தபடி பாப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். பாப்பா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ரொம்ப நல்லாப் பேசுறியாம், அம்மா. அதைச் சொல்லச் சொன்னாங்க."