முன்கூட்டிப் புரட்டிய மாதங்கள்

இப்போதெல்லாம் எவனும் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. ஆளை வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளி கைகுலுக்கிச் சிரித்து அனுப்புகிறான். இனி ஓடவே ஓடாது என்று தெரிந்த வண்டியைச் சுற்றி வந்து மெக்கானிக், "பாத்துக்கலாம் பெரியவரே" என்கிறான். டாக்டர்கள் இன்னும் மோசம். எதிரில் நிற்பவனை விட்டுவிட்டுச் சுவரில் இருக்கிற ஸ்விட்சைப் பார்த்துப் பேசுகிறார்கள். நான் லாரி ஓட்டியவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லியே பழக்கம். பிடிக்கும், பிடிக்கும் என்று தட்டிக்கொடுத்து வண்டியை இறக்கத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதை ரோட்டோரப் பள்ளங்களில் பார்த்திருக்கிறேன். என் தம்பி விஷயத்தில் என் தங்கை செய்தது அதைத்தான். பாசத்தில் செய்தாள் என்கிறார்கள். இருக்கலாம்.

தம்பி கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவன். தகர ஷெட், ஜன்னல் கிடையாது, தூசி விழுந்துவிடும் என்று கதவையும் சாத்திவிடுவார்கள். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாலிப வயதில் உள்ளே போனவன். சாயங்காலம் வந்து மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்த வண்டிக்கு என்ன கலர் என்று நமக்கே தெரிந்துவிடும். கல்யாணம் கட்டவில்லை. என் மனைவி போன பிறகு நானும் அவனும் ஒரே அறையில்தான் இருந்தோம். குடி இல்லை, சீட்டு இல்லை. இருந்தது ஒரே ஒரு கிறுக்கு: படக் காலண்டர்.

சாதாரணப் படக் காலண்டர் என்றால் நான் ஏன் பேசப்போகிறேன். பூ, குழந்தை, அருவி என்று உலகத்தில் உள்ளதைப் போட்டது வேறு. இவன் வாங்குவது உலகத்தில் இல்லாதது. மேகத்துக்குள் நீந்துகிற திமிங்கலம், அதன் வயிற்றிலிருந்து தொங்குகிற நூலேணி. அடிமரத்துக்குள்ளேயே படிக்கட்டு வைத்து, கிளைக்குக் கிளை விளக்கேற்றிய மரம். பிய்ந்துபோன தன் இறக்கையை மடியில் போட்டு ஊசியால் தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அப்புறம் டிராகன். எங்கே பார்த்தாலும் டிராகன். ஷெட்டில் அவனுக்குப் பேரே 'பல்லி' என்று வைத்துவிட்டார்கள்.

"றெக்கை வெச்ச பல்லியைப் போய் இவ்ளோ நேரமா பாக்கறியேடா" என்பேன்.

"பல்லியைப் பாக்கலண்ணே. அது வயித்துல பாரு. கீழே நெருப்பு எரியுது, அதோட வெளிச்சம் ஒவ்வொரு செதில்லயும் ஓரத்துல மட்டும் பட்டிருக்கு. இதை ஒருத்தன் உக்காந்து போட்டிருக்கான். நான் ஒரு கார் கதவுல பளபளப்பு கொண்டுவர மூணு கோட்டு அடிக்கிறேன். இவன் வெறும் காகிதத்துல கொண்டுவந்துட்டான்."

"எதுக்குக் கொண்டுவரணும்? இல்லாத மிருகத்துக்குப் பளபளப்பு எதுக்கு?"

அதற்கு அவன் சிரிப்பான். சிரிப்பு இருமலில் முடியும்.

அந்தக் கிறுக்கில் ஒரு சட்டம் உண்டு. வரப்போகிற மாதத்தின் படத்தை அவன் பார்க்கவே மாட்டான். ஒன்றாம் தேதி காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு தாளைப் புரட்டுவான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கை போகாது. அந்த மாதிரிக் காலண்டர்களின் பின்னட்டையில் பன்னிரண்டு படத்தையும் குட்டி குட்டியாக அச்சடித்திருப்பார்கள். அதை மறைத்துக் காக்கிக் காகிதம் ஒட்டித் தந்தால்தான் வாங்குவான். கடைக்காரர் வருஷா வருஷம் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து ஒட்டித் தருவார். ஒருமுறை இந்தச் சட்டம் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் நவம்பர் படத்தைப் பற்றி வாயை விட்டுவிட்டான் என்று ஆறு மாதம் அவனிடம் பேசவில்லை. ஒரு மாதம் முழுக்க ஒரே படம். சோறு தின்னும்போது அதைப் பார்ப்பான், இருமிக்கொண்டே அதைப் பார்ப்பான். மாதக் கடைசியில் அவன் முகத்தில் ஒரு பரபரப்பு வந்துவிடும். சம்பளத்துக்காக என்று நினைத்தவர்கள் உண்டு. அடுத்த தாளுக்காக என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் மே மாதம் மூச்சு ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தங்கை மறுநாளே காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், சலைன் மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டாள். அவள் எனக்கு இளையவள், அவனுக்கு மூத்தவள். அவனைத் தூக்கி வளர்த்ததாகச் சொல்லிக்கொள்வாள். ஜூனில் தொண்டையில் குழாய் வைத்துத் தனி வார்டில் பல நாள் மயக்கத்தில் கிடந்தான். அப்போதுதான் டாக்டர் ஸ்விட்சைப் பார்த்துச் சொன்னது. நுரையீரல் இரண்டும் தகரம் மாதிரி ஆகிவிட்டது, செப்டம்பரைத் தாண்டினால் ஆச்சரியம்.

குழாயை எடுத்துப் பழைய வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கண் விழித்தான். நான் கேன்டீனில் இருந்தேன். முதல் பேச்சே, "அக்கா, மாசம் மாறிடுச்சா?" என்றானாம். இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "மாறிடுச்சுடா கண்ணு" என்று தாளைப் புரட்டிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது சுவரில் ஜூலை. வெளியே ஜூன்.

"என்ன இது?"

"அவன் முகத்தைப் பாருங்கண்ணே. எத்தனை நாளாச்சு இப்படிப் பாத்து."

பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக் கூரையில் டிராகன் படுத்துத் தூங்குகிறது, அதன் கொம்பில் யாரோ கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

அதிலிருந்து அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. வராண்டாவில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். "அவனுக்கு இருக்கிற நாள்ல டிசம்பர் வரைக்கும் எங்கே போறது? பாக்காமயே போயிடுவான். மருந்துல பாதி நாள் தூங்குறான், தேதி தெரியாது. நான் காட்டிடறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம், சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கறேன். என்கிட்டே கேட்டான்னா சொல்லிடுவேன்."

"கேக்க மாட்டான். உங்ககிட்டே யாரு என்ன கேக்கப்போறா, கேட்டாலே கடிப்பீங்க."

நீண்ட தூக்கம் தூங்கி எழும்போதெல்லாம் சுவரில் ஒரு மாதம் கழிந்திருந்தது. நர்ஸுக்கும் சொல்லி வைத்திருந்தாள். வார்டு ஜன்னலில் பால் கண்ணாடி, வெளியே எதுவும் தெரியாது. ஆகஸ்டு வந்தது, செப்டம்பர் வந்தது. அவன் முழுதாக நம்பினான். நோயாளி படுக்கையில் நாளை எண்ணுவான் என்று நாம் நினைக்கிறோம். எண்ணுவதற்கும் கொஞ்சம் மூச்சு வேண்டும் போலிருக்கிறது.

நவம்பரைத் தொங்கவிட்ட அன்றைக்குத் தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் மாஸ்க்கை விலக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அண்ணே, டாக்டர் செப்டம்பர்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. எல்லாரும் நான் மயக்கத்துல இருக்கேன்னு நினைச்சீங்க."

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அக்காகிட்டே சொல்லாதே. பாவம், அவ இன்னும் மறைச்சுக்கிட்டு இருக்கா. இப்பப் பாரு." சுவரைக் காட்டினான். கல்லால் செய்த ஒரு மிருகம் ஆற்றைக் கடக்கிறது, தலையில் லாந்தரோடு ஒரு குழந்தை. "நவம்பர். குளிரு கூடத் தெரியுது." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். வெளியே தார் உருகுகிற வெயில். அது காய்ச்சல் குளிர். "டாக்டர் தோத்துட்டாருண்ணே."

அன்றைக்கே தங்கையிடம் சொன்னேன். இப்படி ஆகிவிட்டது, இனி நிறுத்து என்று. அவள் அழுதாள். அழுதுவிட்டு, "நம்பிக்கைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். நம்பிக்கை என்றால் அது கட்டிலில் சும்மா படுத்துக் கிடக்கிற சாமான் என்று நினைத்துவிட்டாள். அது எழுந்து நடக்கும். அவன் மாஸ்க்கைக் கழற்றி வைக்க ஆரம்பித்தான். "நல்லாயிட்டேன், இது எதுக்கு" என்று நர்ஸிடம் சண்டை. ஷெட்டுக்கு எப்போது திரும்பலாம் என்று கேட்டான். டிசம்பரைப் புரட்டிய மறுநாள் தானாகக் கக்கூஸுக்கு நடக்கிறேன் என்று இறங்கி, கட்டில் காலடியிலேயே சரிந்து விழுந்தான். உதடு நீலமாகி, நெற்றி கிழிந்து, நாலு பேர் தூக்கிப் போட்டார்கள். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து, "அடுத்த வருஷத்துக் காலண்டர் வந்திருக்கும்ணே, தீர்ந்துடும், போய் வாங்கிட்டு வா. பின்னாடி காகிதம் ஒட்டச் சொல்லு" என்றான்.

கடை இருக்கிற பக்கம் நான் போகவில்லை. போய் என்ன கேட்பது? ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் நிற்கிற இடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலே ஏறினேன்.

தங்கை அவனுக்கு ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரில் டிசம்பர். எங்கே பார்த்தாலும் பனி, குதிரைமேல் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான், வெகு தூரத்தில் ஒரு கோட்டை. அவ்வளவுதான். மற்றப் படங்களில் இருக்கிற கூத்தெல்லாம் இதில் இல்லை.

"வெள்ளைக்கு வெள்ளையே போடல பாத்தியாண்ணே" என்றான் தம்பி. நெற்றிக் கட்டில் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. "நீலமும் ஊதாவும்தான். அதைப் பனின்னு நம்ப வெக்கிறான். வாங்கிட்டு வந்தியா?"

"இல்ல."

"வரலையா இன்னும்? டிசம்பர்ல வந்துடுமே."

"டிசம்பர்ல வரும்" என்றேன்.

தங்கை ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். "அண்ணே, நீங்க கீழே போய் டீ குடிச்சுட்டு வாங்க."

தம்பி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப இது என்ன மாசம்?"

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள்.

"ஜூலைடா" என்றேன். "இன்னும் ஜூலையே முடியல."

செப்டம்பரைப் பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். அதற்குச் சொல்ல வேண்டியதைக்கூட வழியில் யோசித்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப டிசம்பரைப் பாத்துட்டேன்."

"ஆமா."

"ஆகஸ்டு, அக்டோபரு, எல்லாம் பாத்தாச்சு."

"ஆமாடா."

"இனிமே பாக்க ஒண்ணும் இல்லயேண்ணே."

தங்கை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினாள். நானும் போனேன். அங்கே என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "திருப்தியா? வந்துட்டாரு பெரிய உத்தமரு. சந்தோஷமாப் போயிருப்பான். அதையும் பிடுங்கிட்டீங்க."

"கட்டில்லேருந்து விழுந்து மண்டை உடைஞ்சு சந்தோஷமாப் போயிருப்பான். பிடுங்கினது நான் இல்ல. அஞ்சு மாசத்தையும் மடமடன்னு நீதான் தின்னக் குடுத்தே."

"அவன் பாக்கணும்னுதானேண்ணே குடுத்தேன்."

அவள் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் அவன் அந்தக் காலண்டரை வாங்கியது படத்துக்காகவா, காத்திருப்பதற்காகவா என்று இத்தனை வருஷம் ஒரே அறையில் கிடந்த எனக்கே அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போனேன். அவன் கையை லேசாகத் தூக்கிச் சுவரைக் காட்டினான்.

"ஜூலைக்குத் திருப்புண்ணே."

திருப்பினேன். கூரைமேல் பல்லி தூங்கியது. கொம்பில் துணி காய்ந்தது. எடுத்துக்கொண்டு வா என்று சைகை செய்தான். ஆணியிலிருந்து கழற்றி அவன் நெஞ்சருகே பிடித்தேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை. அதன் கீழே வரிசை வரிசையாகப் போட்டிருக்கிற தேதிக் கட்டங்களைப் பார்த்தான்.

"இன்னிக்கு எது?"

என் விரலை வைத்துக் காட்டினேன். அவன் தன் விரலை அங்கே கொண்டுவந்து வைத்தான். நகக்கண்ணில் இன்னும் ஏதோ காரின் சிவப்பு இருந்தது. விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது, நின்றது, அதற்கடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. ஒவ்வொன்றிலும், உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி உற்றுப் பார்த்தான். உள்ளே நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை.

"டீ குடிச்சுட்டு வரேன்" என்றேன்.

தலையை அசைத்தான். விரலை எடுக்கவில்லை.

வராண்டாவில் தங்கை சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நான் கடந்து போனபோது திரும்பவில்லை. உண்மையைச் சொன்னது தப்பு என்று அன்றைக்கும் எனக்குப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. இல்லாத மிருகத்துக்குப் பளபளப்பு எதற்கு என்பதும் விளங்கவில்லை. லிஃப்டு வாசலில் கூட்டம். படியில் இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் பால் கண்ணாடி ஜன்னல், அதில் ஒரே மாதிரி வெளிச்சம். காலையா, சாயங்காலமா, எந்த மாதத்து வெளிச்சம் என்று அதைப் பார்த்து எவனாலும் சொல்ல முடியாது.